மூன்று அடி ஆழத்தில் ஒரு குழாய்

போர்ட்ஸ்மவுத் துறைமுக வாய்க்கு வெளியே, வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவே, ஸ்பிற்ஹெட் என்ற தரிப்பிடம் இருக்கிறது. 1782 ஓகஸ்ட் 29, வியாழக்கிழமை காலை, அங்கே நங்கூரமிட்டு நின்ற ‘றோயல் ஜோர்ஜ்’ என்ற போர்க்கப்பலில் ஒரு தண்ணீர்க் குழாயை மாற்றத் தொடங்கினார்கள். புயல் இல்லை. எதிரிக் கப்பல் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. காலைச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்தில் 100 பீரங்கிகளோடு அந்தக் கப்பல் கடலடிக்குப் போய்விட்டது. இறந்தவர்கள் 800 பேருக்கு மேல்.

நான் இந்தத் துறைமுகத்தின் மேற்குக் கரையில், கொஸ்போர்ட்டில், பாய்ப்படகுகளுக்குக் குழாய் வேலை செய்பவன். பிறந்தது வல்வெட்டித்துறை. பிழைப்பு இங்கே படகுகளின் வயிற்றுக்குள். குடிதண்ணீர், இஞ்சினைக் குளிராக்கும் கடல்நீர், முகம் கழுவும் தொட்டியின் வடிகால், கழிப்பறைக் கழிவு என்று ஒரு சின்னப் பாய்ப்படகுக்குள்ளும் வீடொன்றுக்குரிய குழாய் அத்தனையும் ஓடும். குழாயை மாற்றுவது அரை மணி நேர வேலை. அந்தக் குழாய்க்குப் போய்ச் சேருவதற்குத்தான் நாள் போகும். அலுமாரியைக் கழற்ற வேண்டும், தளப்பலகையைத் தூக்க வேண்டும், தண்ணீர்த் தாங்கியை நகர்த்த வேண்டும், பிறகு தோள்வரை கையை விட்டுக் கண் காணாத இடத்தில் விரலால் துழாவ வேண்டும். றோயல் ஜோர்ஜின் கதையை இந்த ஊரில் கடற்படையின் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது என் தொழிலின் கதை. அந்தக் குழாய் பழுதாக இருந்தும் கப்பல் மிதந்துகொண்டுதான் இருந்தது. அதை எட்டுவதற்காகச் செய்த காரியத்தில்தான் கவிழ்ந்தது.

வூலிச் தளத்தில் 1756இல் மிதக்கவிட்ட கப்பல் அது. 1759 நவம்பரில் கிபரோன் விரிகுடாவில் பிரெஞ்சுக் கடற்படையைப் பிரித்தானிய அட்மிரல் ஹோக் முறியடித்தபோது அவருடைய கொடிக்கப்பல் இதுதான். 1782இல் வயது 26. ஓக் மரத்தில் கட்டிய கப்பலுக்கு அது பெரிய வயது.

அந்தக் காலக் கப்பலில் தண்ணீர் எப்படி ஏறி இறங்கியது என்று பார்க்க விரும்புகிறவர்கள் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. 1765இல் மிதக்கவிட்ட ‘விக்ரறி’ போர்ட்ஸ்மவுத் உலர்தளத்தில் இன்றும் நிற்கிறது. நடுப்பாய்மரத்தைச் சுற்றி அதன் பம்பிகள் இருக்கின்றன. நான்கு சங்கிலிப் பம்பிகள், இரண்டு எல்ம் மரப் பம்பிகள். சங்கிலிப் பம்பி என்பது முடிவில்லாமல் சுற்றும் ஒரு சங்கிலி. அதில் இடைவெளி விட்டுத் தோல் பதித்த தட்டுகள் கோத்திருக்கும். கைபிடியைச் சுற்றினால் ஒவ்வொரு தட்டும் மரக்குழாய் வழியே அடித்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மேலே வரும். 1770களில் கப்டன் பென்ரிங்க் இதைத் திருத்தியமைத்த பிறகு, நான்கு பேர் சேர்ந்து ஒரு தொன் தண்ணீரை ஒரு நிமிடத்துக்குள் ஏற்றிவிட்டார்கள். எல்ம் பம்பி வேறு வகை. முழு எல்ம் மரத்தண்டை நடுவில் துளைத்து, அடியைக் கப்பலின் அடிப்பாகம் வழியாகக் கடலுக்கே திறந்துவிட்டிருப்பார்கள். தளம் கழுவவும் தீயணைக்கவும் அது சுத்தமான கடல்நீரைக் கொடுக்கும். எல்ம் மரம் ஓயாமல் நனைந்தபடி இருந்தால் உக்காது. குழாய்க்கு அதைத் தெரிந்தெடுத்ததில் காரணம் இருந்தது.

மரக்கப்பல் என்றால் தண்ணீர் ஊறும். எங்கள் ஊர் ஓடாவிகளிடம் கேட்டால் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இறுக்கிக் கலப்பத்து அடித்தாலும், கடல் அலைத்துக் கப்பல் நெளியும்போது ஒரு கசிவு இருந்தே தீரும். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையில் போய்ச் சேர்ந்தது. அதுவும் பலகைக் கப்பல்தான். இப்படிப்பட்ட கப்பல்களில் தண்ணீர் இறைப்பது யாரும் மறைத்து வைக்கிற வேலை இல்லை. பம்பி நட்டநடுவில் நிற்கும். அதன் குழாய் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்பது கப்பலில் உள்ள பொடியனுக்கும் தெரியும்.

றோயல் ஜோர்ஜில் பழுதான குழாய் கசிவு இறைக்கும் குழாய் அல்ல. அது வசதிக்காக வைத்தது. கப்பலின் வலப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குச் சுமார் 3 அடி கீழே, உடலைத் துளைத்து ஒரு குழாயும் அடைப்பானும் பொருத்தியிருந்தார்கள். அடைப்பானைத் திறந்தால் கடல்நீர் தானாகவே உள்ளே வரும். தளம் கழுவும் தண்ணீரை அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். கடலே உள்ளே தள்ளிவிடுவதால் ஆட்களுக்கு வேலை மிச்சம். இன்றும் பாய்ப்படகில் கழிப்பறைக்கும் இஞ்சினுக்கும் நாங்கள் தண்ணீர் எடுப்பது இதே முறையில்தான். உடலில் ஒரு துளை, துளையில் ஒரு வால்வு, வால்விலிருந்து ஒரு குழாய். அந்த வால்வை நாங்கள் சீகொக் என்போம். வால்வு நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வால்வே பழுதானால், அதைக் கழற்றும்போது கடலை எதனால் நிறுத்துவது?

அதற்கு அன்று இரண்டு வழி இருந்தது. ஒன்று, கப்பலை உலர்தளத்தில் ஏற்றுவது. அப்படிச் செய்தால் பீரங்கி, வெடிமருந்து, பீப்பாய் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வாரக்கணக்கில் போகும். 1779 முதல் ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டிருந்த ஜிப்ரால்ரருக்கு உணவும் மருந்தும் கொண்டுபோக ஹோ பிரபுவின் கப்பற்படை புறப்படுகிற நேரம் அது. அவ்வளவு பொறுமை யாருக்கும் இருக்கவில்லை. மற்ற வழி, நின்ற இடத்திலேயே கப்பலை ஒரு பக்கம் சாய்ப்பது. இடம் சாய்ந்தால் வலம் உயரும், 3 அடி ஆழத்தில் இருக்கிற துளை வெளியே வந்துவிடும். அடிப்பக்கத்தைச் சுரண்டவும் சின்னச் சின்னப் பழுது பார்க்கவும் கடற்படையில் வழக்கமாகச் செய்த காரியம்தான் இது. கடல் அமைதியாக இருந்த காலையில் யாருக்கும் அது பெரிய விசயமாகப் படவில்லை.

சாய்த்த முறை இப்படி. இடப்பக்கத்துப் பீரங்கிகளைத் துவாரங்களுக்கு வெளியே எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினார்கள். வலப்பக்கத்துப் பீரங்கிகளைப் பின்னுக்கு இழுத்துத் தளத்தின் நடுவில் நிறுத்தினார்கள். கீழ்த்தளத்துப் பீரங்கிகள் ஒவ்வொன்றும் தொன் கணக்கில் பாரம். அந்தப் பாரம் முழுவதும் இடம் நோக்கி நகர, கப்பல் மெல்லச் சாய்ந்தது. கப்பல்கட்டும் தளத்திலிருந்து வந்த வேலையாட்கள் வலப்பக்கத்தில் குழாயோடு மினக்கெட்டார்கள். இடப்பக்கத்தில் கீழ்த்தளத் துவாரங்கள் திறந்தே கிடந்தன. அவற்றின் விளிம்பு கடலுக்குச் சற்று மேலே.

அந்த நேரத்தில் ‘லார்க்’ என்ற சிறு கப்பல் றம் பீப்பாய்களோடு வந்து பக்கத்தில் அணைந்தது. எந்தப் பக்கம்? தாழ்ந்திருந்த இடப்பக்கம்தான், ஏனென்றால் தாழ்ந்த பக்கத்தில் பீப்பாய் தூக்குவது சுகம். ஒவ்வொரு பீப்பாயும் ஏற ஏற அதே பக்கத்தில் பாரம் கூடியது. தூக்குகிற ஆட்களும் அதே பக்கத்தில் நின்றார்கள். சின்ன அலை எழும்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் துவாரம் வழியே உள்ளே விழுந்தது. தப்பிப் பிழைத்த இன்கிராம் என்ற மாலுமி பல வருடங்களுக்குப் பிறகு சொன்னதை வாசித்தால் வயிறு பிசையும். கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரில் சுண்டெலிகள் நீந்தித் திரிய, மாலுமிகள் அவற்றைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

கப்பலின் தச்சன் மட்டும் விளையாடவில்லை. அவன் மேல்தளத்துக்குப் போய்க் காவல் லெப்ரினன்ட்டிடம், கப்பலை உடனே நிமிர்த்த வேண்டும், இந்தச் சாய்வை அது தாங்காது என்று சொன்னான். கிடைத்தது ஒரு வெடுக்கென்ற பதில். தச்சன் கீழே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வந்து சொன்னான். இன்கிராமின் கூற்றுப்படி, என்னைவிட உனக்குக் கப்பல் நடத்தத் தெரியுமென்றால் நீயே பொறுப்பை எடுத்துக்கொள் என்ற கருத்தில் லெப்ரினன்ட் எரிந்து விழுந்தார். கடைசியில் நிமிர்த்தச் சொல்லி முரசு அடிக்க ஆள் கூப்பிட்டபோது நேரம் பிந்திவிட்டது. வெளியே தள்ளிய பீரங்கிகளை மேடேற்றி உள்ளே இழுக்க மனிதப் பலத்தால் முடியவில்லை. கப்பல் பக்கவாட்டில் படுத்து, தண்ணீர் முழு வாயால் உள்ளே ஏற, லார்க்கையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

அன்று கப்பலில் மாலுமிகள் மட்டும் இருக்கவில்லை. புறப்படப் போகிற கப்பல் என்பதால் மனைவிமார், பிள்ளைகள், சாமான் விற்க வந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் ஏறியிருந்தார்கள். மொத்தம் சுமார் 1,200 பேர் என்பது கணக்கு. தப்பியவர்கள் 250 பேர் அளவில். கொடி மொழியை ஒழுங்குபடுத்தியவர் என்று கடற்படை வரலாறு போற்றும் அட்மிரல் கெம்பன்பெல்ற் தன் அறைக்குள்ளேயே மாண்டார். கப்டன் வக்ஹோர்ன் தப்பினார். பல நாட்களாக உடல்கள் வைட் தீவின் ரைட் கரையில் ஒதுங்கின. அங்கேயே கூட்டமாகப் புதைத்தார்கள். இன்று அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு நினைவிடம் உண்டு.

பழி யார் மேல் விழுந்தது? செப்டம்பரில் கூடிய இராணுவ நீதிமன்றம் கப்டனையும் அதிகாரிகளையும் விடுவித்தது. கப்பலின் மரச்சட்டங்கள் பொதுவாகவே உக்கிப்போயிருந்தன, அடியில் ஏதோ பெரிய பாகம் உடைந்து பெயர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. வில்லியம் கூப்பர் இந்த விபத்தைப் பற்றி எழுதிய கவிதை பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றது. அந்தக் கவிதையில் கரைக்காற்று வீசிக் கப்பல் கவிழ்கிறது. மரத்துக்கும் காற்றுக்கும் பழி கிடைத்தது. குழாயும் தச்சனும் இரண்டிலும் பின்னால் போய்விட்டார்கள்.

மரம் உக்கியிருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். 26 வருடக் கப்பலில் உக்காத மரம் இருந்திருந்தால்தான் அதிசயம். ஆனால் ஒரு கப்பல் உக்கியிருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சாய்க்கக் கூடாது. தெரியாவிட்டால், தெரிந்தவன் வந்து சொல்லும்போது கேட்க வேண்டும். தச்சன் கீழே நின்றவன். மரச்சட்டம் முனகுவதைக் காதால் கேட்டவன், காலடியில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தவன். வேலையை நிறுத்தும் அதிகாரம் இருந்தவர் மேலே நின்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புறப்பட வேண்டிய நாள். நீதிமன்றம் மரத்தைக் குற்றவாளியாக்கியதால் இந்தக் கேள்வி விசாரிக்கப்படாமலே போனது.

மூழ்கிய கப்பல் வெகுகாலம் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கிடந்தது. 1834இல் சார்ள்ஸ் டீன், ஜோன் டீன் என்ற சகோதரர்கள் தாங்கள் உருவாக்கிய சுழியோடித் தலைக்கவசத்தோடு இறங்கிப் பீரங்கிகளை மீட்டார்கள். 1836இல் பக்கத்தில் வலை சிக்கிய மீனவர்கள் கூப்பிட்டு, டீன் சகோதரர்கள் அங்கே சுழியோடியபோது அகப்பட்டது ‘மேரி றோஸ்’. அது 1545இல் சாய்ந்தபோது திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியே தண்ணீர் ஏறி மூழ்கிய கப்பல். ஒரே நீரில், ஒரே விதமான துவாரம், 237 வருட இடைவெளி. கடைசியில் 1839 முதல் 1843 வரை கேணல் பாஸ்லியின் பொறியியற் படையினர் வெடிவைத்து றோயல் ஜோர்ஜின் எலும்புகளை அப்புறப்படுத்தினார்கள்.

இதற்கு நடுவே குழாயும் வால்வும் மாறிக்கொண்டே வந்தன. மாறிய ஒவ்வொரு பொருளும் புதிதாக ஒரு நோயைக் கொண்டுவந்தது. 1761இல் ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். புழு துளைக்கவில்லை, ஆனால் செம்பைத் தொட்ட இரும்பாணிகள் கரைந்துபோயின. கடல்நீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் பலவீனமானது கரையும். 1824இல் ஹம்ப்ரி டேவி அதையே மருந்தாக்கினார். கரைவதற்கென்றே ஒரு மட்டமான உலோகத்தைக் கட்டிவிட்டால் மற்றது தப்பும் என்று காட்டினார். இன்று பல படகுகளின் அடியில் தொங்கும் துத்தநாகக் கட்டி அவருடைய யோசனை. சீகொக்கிலும் இதே நோய் உண்டு. பித்தளை வால்வு கடல்நீரில் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து போகும், செம்பு பஞ்சாக நிற்கும். பார்வைக்கு முழு வால்வுதான். கத்தி நுனியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். அந்த நிறத்தைக் கண்டால் அதன்மேல் சாவி வைத்துத் திருகக் கூடாது, கையோடு வந்துவிடும். நல்ல வெண்கலத்தில் செய்தது நாள்பட நிற்கும். கொஸ்போர்ட்டின் பிளேக் நிறுவனம் செய்த கூம்பு வடிவ வெண்கல சீகொக்குகள் பழைய பிரித்தானியப் படகுகளில் இன்றும் வேலை செய்கின்றன. கழற்றி, கூம்பைத் தேய்த்து, கிறீஸ் பூசி மறுபடி போட்டால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.

வளைகிற குழாய் வந்தது இன்னொரு கதை. 1670களில் அம்ஸ்ரர்டாமில் யான் வான் டெர் ஹெய்டன் தீயணைக்கத் தோலில் குழாய் தைத்தார். ரப்பரை வேகவைத்து உறுதியாக்கும் வித்தைக்கு ஹான்கொக் என்பவர் 1843இலும் குட்இயர் என்பவர் 1844இலும் காப்புரிமை பெற்ற பிறகுதான் தண்ணீருக்கும் சூட்டுக்கும் நிற்கிற குழாய் சாத்தியமானது. 1876இல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகளின் கன்றுகள் இலங்கைக்கும், பிறகு சிங்கப்பூர், மலாயாவுக்கும் போயின. அங்கே தோட்டங்களில் விடியற்காலையில் எழும்பிப் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பங்கு தமிழர். படகு மரினாக்களின் ரப்பர்க் குழாய்க்குப் பின்னால் அந்தக் கைகளும் உண்டு.

குழாய் இருந்தால் போதாது, அதை வால்வின் கழுத்தில் பிடித்து வைக்க வேண்டும். கம்பி சுற்றி முறுக்கிக்கொண்டிருந்த காலத்தில், றோயல் நேவியில் இருந்த கொமாண்டர் லம்லி றொபின்சன் 1921இல் ஒரு பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டையில் வரிவரியாக வெட்டு, அதில் பல்லிறங்கும் திருகு. திருப்புளியால் திருக, பட்டை இறுகும். ஜூபிலி கிளிப் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடற்படைக்காரர் ஒருவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்குத் தொழில்முறைப் பெருமை.

இதெல்லாம் நடந்தும், இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை சின்னப் பாய்ப்படகில் குழாய் என்பது அரிது. ஜோசுவா ஸ்லோக்கம் ‘ஸ்பிரே’யில் 1895 முதல் 1898 வரை தனியே உலகைச் சுற்றினார். தண்ணீர் பீப்பாயில், கழிப்பறை வாளியில். அடியில் துளை குறைந்த படகு நிம்மதியான படகு. லின், லாரி பார்டி தம்பதி 1968இல் ‘செராபின்’ படகை இஞ்சினே இல்லாமல் மிதக்கவிட்டு, வாளியோடு உலகம் முழுவதும் போனார்கள். ஆட்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தாலும், அவர்கள் எந்தக் கழிப்பறைக் குழாயையும் மாற்றவில்லை.

பைபர் கிளாஸ் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. கொஸ்போர்ட்டின் கம்பர் அன்ட் நிக்கல்சன்ஸ் தன் வரலாற்றை 1782இலிருந்து எண்ணிய தளம், றோயல் ஜோர்ஜ் மூழ்கிய அதே வருடம். பிரான்சிஸ் சிச்செஸ்ரர் 1966-67இல் தனியே உலகைச் சுற்றிய ‘ஜிப்சி மொத் 4’ அங்கே மரத்தில் கட்டியது. அதற்குச் சற்று முன்பு, 1963 முதல், அவர்களுடைய ‘நிக்கல்சன் 32’ பைபர் கிளாஸில் வார்த்து வெளிவந்தது. முந்நூறுக்கு மேல் கட்டினார்கள், பல இன்னும் இந்த நீரில் ஓடுகின்றன. பைபர் கிளாஸ் உடலில் பலகைச் சந்து இல்லை, ஊறல் இல்லை. கசிவுப் பம்பி நடுத்தளத்தின் ராசாவாக நின்ற காலம் முடிந்தது. படகுக்குள் வீடு வந்தது. கழிப்பறை, முகத்தொட்டி, சுடுதண்ணீர், சவர். வீடு வந்தால் குழாய் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்ற வீட்டு நாகரிகமும் வரும்.

1970களுக்குப் பிறகு பல உற்பத்தியாளர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். மெத்தை இருக்கை, அலுமாரி, தளம் எல்லாவற்றையும் ஒரே அச்சில் பெரிய உள்வார்ப்பாக வார்த்து, உடலுக்குள் முழுசாக இறக்கி ஒட்டிவிடுவது. அதற்கு மேல் மேல்தளத்தை மூடுவது. குழாய்கள் எப்போது போகும்? உள்வார்ப்பு இறங்குவதற்கு முன்பு, ஆள் நிமிர்ந்து நின்று போடக்கூடிய நேரத்தில். போட்டவனுக்கு அது சுகமான வேலை. 25 வருடம் கழித்து மாற்ற வருபவனுக்கு முன்னால் இருப்பது ஒரு கை மட்டும் போகக்கூடிய ஓட்டை. படகு குழாயைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது.

குழாய்களும் பெருகின. அமெரிக்காவில் 1972இன் சுத்தநீர்ச் சட்டமும் அதன் பின் வந்த விதிகளும் கழிவைச் சும்மா கடலில் விடக் கூடாது என்றன. ஐரோப்பாவில் 1998இல், கழிப்பறையுள்ள புதிய படகுகளில் கழிவுத் தாங்கி இருக்க வேண்டும், அல்லது அதைப் பொருத்த இடம் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நியாயமான சட்டங்கள்தான். ஆனால் கழிப்பறையிலிருந்து கடலுக்குப் போன ஒரு குழாய், தாங்கிக்கு ஒன்று, தாங்கியிலிருந்து ஒன்று, காற்றுக்கு ஒன்று, கரையில் உறிஞ்சி எடுக்க ஒன்று என்று குட்டி போட்டது. எல்லாம் மறைவில்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கழிப்பறையின் 38 மில்லிமீற்றர்க் குழாய் இருக்கைக்குப் பின்னால் ஏறி, நீர்மட்டத்துக்கு மேலே ஒரு வளைவு எடுத்து, மறுபடி இறங்கி சீகொக்குக்குப் போகும். அந்த வளைவின் உச்சியில் உள்ள சின்னக் காற்று வால்வு உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், கடல் பின்னால் உறிஞ்சப்பட்டுப் படகு கட்டிய இடத்திலேயே நிரம்பும். பழைய குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு. கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து படிந்த கல் அது. 38 மில்லிமீற்றர் வாயில் விரல் நுழையக் கஷ்டப்படும். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அறிய, சுடுதண்ணீரில் நனைத்த துணியால் குழாயைத் துடைத்து மூக்கில் வைப்போம். துணி நாறினால் குழாயின் சுவரே நாற்றத்தை விடத் தொடங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும்.

கல்லேறிய குழாய் இழுத்தால் வராது. கொக்கிக் கத்தியால் நீளவாக்கில் கீறி, சூட்டுக்காற்று அடித்து, வால்வின் கழுத்திலிருந்து உரித்து எடுக்க வேண்டும். முழங்கை வரை பைபர் கிளாஸ் சிராய் ஏறும், பிறகு குளித்தாலும் அரிக்கும். முடிந்தால் பழைய குழாயின் வாலில் புதிய குழாயைக் கட்டி, ஒருவர் அந்தப் பக்கம் இழுக்க, இன்னொருவர் இந்தப் பக்கம் சவர்க்காரம் தடவித் தள்ளுவோம். புதிய குழாயின் நுனியைக் கொதிநீரில் தோய்த்தால் இளகும், இளகின கையோடு கழுத்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு இரண்டு கிளிப், திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி. தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஒரு மரியாதை உண்டு. அடுத்து வருபவனின் திருப்புளி நேராகப் போக வேண்டும்.

ஆட்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: படகைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் செய்யலாமா? தூக்குவதற்குக் காசு, இடம் கிடைப்பதற்குக் காத்திருப்பு, கோடை வாரங்கள் வீணாகும். பக்கத்தில் ஒரு துளைதானே, கொஞ்சம் சாய்த்தால் வெளியே வந்துவிடுமே என்பார்கள். பாய்க்கட்டையை வெளியே தள்ளி, அதன் நுனியில் தண்ணீர்ப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சாய்க்கலாம் என்று ஒருவர் படம் வரைந்தே காட்டினார். அந்தப் படத்தில் இருந்தது 1782இன் பீரங்கி வரிசைதான், பாரம் மட்டும் குறைவு. இரண்டடி ஆழத்தில் 38 மில்லிமீற்றர் துளை திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 200 லீற்றர் உள்ளே வரும். சின்னப் படகுகளின் மின்பம்பி பலவும் அதற்கு ஈடுகொடுக்காது. சாய்த்த படகில் கயிறு ஒன்று அறுந்தால், அடைப்பு மரக்கட்டையைத் தேடும் கைக்கு எத்தனை விநாடி கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் துறைமுகத்தில் அதற்கு மலிவான மூன்றாவது வழி ஒன்று உண்டு. பெரிய வற்றுப்பெருக்கில் கடல் நாலு மீற்றர் அளவு ஏறி இறங்கும். ஏரா என்ற அடிக்கட்டை ஆழமாக உள்ள படகைப் பெருக்கில் கரையோரக் கம்பங்களில் நிமிர்த்திக் கட்டிவிட்டால், வற்றும்போது அது தன் காலில் நிற்கும், துளை காற்றில் இருக்கும். அடுத்த பெருக்குக்குள் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். இதைச் செய்யும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். படகுக்காரர் யாராக இருந்தாலும், கீழே கிடப்பவன் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். காரணம் பிறகு கேட்கலாம்.

இன்னொரு விதி, வேலை முடிந்ததும் வழியை மூடாமல் விடுவது. உள்வார்ப்பில் வட்டமாக வெட்டிய துளைக்கு ஒரு திருகு மூடி போட்டுவிட்டு வருவேன். அழகு கெட்டுவிட்டது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கம்பத்தில் கட்டுவதற்கும் மூடிக்கும் சேர்த்து விலை சொன்னால் இன்னும் கூடச் சுளிப்பார்கள். அப்போது றோயல் ஜோர்ஜ் என்ன வேலைக்காகச் சாய்க்கப்பட்டது என்று சொல்வேன். கேட்டுவிட்டுப் பாதிப்பேர் சரி என்பார்கள். மிச்சப்பேர் சாய்த்தே செய்து தருகிற ஆளைத் தேடிப் போவார்கள், அப்படிப்பட்ட ஆட்களும் இந்தக் கரையில் இருக்கிறார்கள்.